இருபத்தோரு அலை எண்ணுன ஞானப்பூ

ஒரு கடல்ல ஒரு தீவு. அந்தத் தீவுல ஒரு கடற்கரை. அந்தக் கடற்கரையில ஒரு ஓலைக் கொட்டகை, கொட்டகைச் சுவர்ல ஒரு கரும்பலகை. நடு நடுவுல "ம்" சொல்லணும் கண்ணு. அப்போதான் நீ முழிச்சிருக்கேன்னு எனக்குத் தெரியும்.

"ம்."

பள்ளிக்கூடமே இல்லாத இடத்துல கரும்பலகை எதுக்குன்னு கேளு. அந்தத் தீவுல எல்லாருக்கும் கடல்ல விளையாடணும். மூணு கூட்டம் இருந்துச்சு. பலகையில ஏறி நின்னு அலை மேல சர்ருன்னு சறுக்கி வர்றவங்க ஒரு கூட்டம். கட்டில் விரிப்பு மாதிரி பெரிய காத்தாடியை இடுப்புல கட்டிக்கிட்டு தண்ணி மேல பறக்கறவங்க ஒரு கூட்டம். பலகையில நின்னுக்கிட்டே துடுப்பு போட்டு மெதுவாப் போறவங்க ஒரு கூட்டம். முதல் கூட்டத்துக்கு அலை எவ்வளவுன்னு தெரியணும். ரெண்டாவது கூட்டத்துக்குக் காத்து எப்படின்னு தெரியணும். மூணாவது கூட்டத்துக்கு நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்குதுன்னு தெரியணும். காலையில ஆறு மணிக்கு இந்த மூணும் கரும்பலகையில எழுதியிருக்கும். மூணே வரி. நாலாவது வரி கிடையாது.

பன்னண்டு வருஷமா அதை எழுதுனவர் பேரு இன்னாசி. நல்ல நெட்டை. ஆறடி ரெண்டு அங்குலம். அவரு எப்படி அலையை அளந்தாருன்னா, கரையில இருந்து முப்பத்தெட்டு அடி தள்ளி தண்ணிக்குள்ள ஒரு தட்டைக் கல்லு கிடந்துச்சு. பிடிச்சிக்க அதுல ஒரு இரும்புக் குழாய் நட்டிருந்தாங்க. இன்னாசி கல்லு மேல ஏறி நிப்பாரு. அலை வந்து தட்டும். சளக்! ஒண்ணு. சளக்! ரெண்டு. இப்படி இருபத்தோரு அலை. இருபது இல்ல, இருபத்தொண்ணு. அலை ஏழு ஏழா வரும்ங்கறது அந்த ஊர்க் கணக்கு. மூணு ஏழு இருபத்தொண்ணு. அதுல பெரிசா வந்த மூணு அலை உடம்புல எங்க தட்டுச்சோ, அதுதான் அன்னிக்கு அலை. முட்டியில தட்டுனா முட்டி அலை. இடுப்புல தட்டுனா இடுப்பு அலை. அப்புறம் நெஞ்சு அலை. அப்புறம் தலை அலை. தலை அலைன்னு எழுதிட்டா அன்னிக்கு யாரும் கடல்ல காலை வைக்கக் கூடாது. அது தீவுச் சட்டம்.

"ம்."

அந்த இன்னாசியோட பொண்டாட்டிக்கு ஒரு தங்கச்சி. பேரு ஞானப்பூ. வயசு முப்பத்தெட்டு. நாலடி எட்டு அங்குலம். அவளுக்கு ஊர்ல யாரோடயும் பேச வராது. கூச்சம். "ஞானப்பூ, சாப்டியா?"ன்னு கேட்டா தலையை மட்டும் ஆட்டுவா. ஆனா எண்ணிக்கைன்னா அவளைப் போல ஆள் கிடையாது. பன்னண்டு வருஷமும் அத்தானுக்குத் துண்டு கொண்டு போயி, கரையில உக்காந்து, அவளும் மனசுக்குள்ள அலையை எண்ணுவா. இன்னாசி இருபதுலயே இறங்கிட்டா, அவ ஒரே ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவா. இன்னும் ஒண்ணு பாக்கி! அவரும் பேசாம மறுபடி ஏறி நிப்பாரு.

அப்போ ஒரு நாள் இன்னாசிக்கு ரெண்டு முட்டியும் கடக் கடக்னு ஆயிருச்சு. கல்லு மேல ஏற முடியலை. அக்கரையில ஆஸ்பத்திரிக்குப் போகணும். போறதுக்கு முன்னாடி சாக்பீஸை ஞானப்பூ கையில குடுத்தாரு. "கல்லு மேல நில்லு. இருபத்தோரு அலை எண்ணு. பெரிய மூணும் உன் உடம்புல எங்க தட்டுதோ அதை எழுது. அவ்வளவுதான்"னாரு.

ஞானப்பூவுக்கு உள்ளுக்குள்ள பூவாப் பூத்துது. ஏன் தெரியுமா? அந்தச் சாக்பீஸ் கையில இருந்தா, வாயைத் திறக்காமலே ஊருக்கெல்லாம் பேசலாம் பாரு. அவளுக்கு அது போதும். வேற எதுவும் வேண்டாம்.

ஆனா தீவுல கடல் விளையாட்டுச் சங்கம்னு ஒண்ணு இருந்துச்சு. அதுக்குத் தலைவர் வியாகுலம். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கையில போன். அவரு ஓடி வந்து, "ஏப்பா இன்னாசி, வாயே திறக்காத பொம்பளை ஊருக்கு என்னத்தைச் சொல்லப் போகுது? எல்லாம் என் போன்ல வருதுப்பா. நானே பார்த்து எழுதிட்டுப் போறேன்"னாரு.

இன்னாசி தோணியில ஒரு காலை வச்சிக்கிட்டே, "மூணு நாள் பாருங்க தலைவரே"ன்னாரு.

"சரி, மூணு நாள். ஒரு நாள் தப்பாப் போனாலும் சாக்பீஸ் என் கைக்கு வந்துரும். மூணாம் நாள் தெக்குத்தீவுக்காரங்க நம்மளோட போட்டிக்கு வர்றாங்க, ஞாபகம் இருக்கட்டும்."

ஞானப்பூ தலையை ஆட்டினா.

முதல் நாள். காலையில அஞ்சு மணி. அலை முட்டிக்குக் கீழதான் தட்டுச்சு, அதை எழுதிட்டா. அப்புறம் காத்து. கொட்டகை மேல ஒரு கொடி இருந்துச்சு. நூறு எண்ணுறதுக்குள்ள கொடி எத்தனை தடவை படபடக்குதுன்னு பார்த்தா. அஞ்சு மணிக்கு ஒன்பது தடவை. அஞ்சரைக்குப் பதினாலு. ஆறுக்கு இருபத்தி ரெண்டு. அட, கூடிக்கிட்டே வருதே! "இப்போ காத்து கம்மி. எட்டு மணிக்கு மேல கச்சான் காத்து பலமா அடிக்கும்"னு எழுதுனா. கச்சான்னா மேக்க இருந்து வர்ற காத்து.

வியாகுலம் போனைத் தட்டிப் பார்த்தாரு. "நாள் பூரா இளங்காத்துன்னு போட்டிருக்கு. இந்தம்மா பலமாங்குது. காத்தாடிக்காரங்கள்லாம் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கப்பா!" சொல்லிட்டு, மணல்ல குடையை நட்டு, இலையில நாலு இட்லியை வச்சிக்கிட்டு உக்காந்தாரு.

ஏழே முக்கால். ஒண்ணுமில்ல. எட்டு. ஒண்ணுமில்ல. ஒரு இட்லி உள்ள போச்சு. எட்டு அஞ்சு...

விர்ர்ர்ர்ர்! குடை பறந்துச்சு. தொப்பி பறந்துச்சு. இலையோட மூணு இட்லியும் பறந்துச்சு. வியாகுலம் குடையைப் பிடிக்கவா, இட்லியைப் பிடிக்கவான்னு ரெண்டு பக்கமும் ஓடுனாரு. காத்தாடிக்காரங்க ஹோன்னு கத்திக்கிட்டுக் கடலுக்கு ஓடுனாங்க. பதினோரு காத்தாடி வானத்துல.

"போன் ஏன் தப்பாச் சொல்லுச்சு?"

நல்லாக் கேட்ட. போன் பெரிய கடலுக்கெல்லாம் சேத்து ஒரே பதிலாச் சொல்லுது. ஞானப்பூ இந்த ஒரு கரையை மட்டும் பார்த்தா. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் ரெண்டாம் நாள். காத்து அடங்கிருச்சு. அலையும் முட்டிக்குக் கீழதான். கடல் எண்ணெய் ஊத்துன மாதிரி பளபளன்னு கிடக்கு. அன்னிக்கு நீரோட்டம் பார்க்கணும். ஞானப்பூ ஒரு காஞ்ச தேங்காயைத் தூக்கித் தண்ணியில போட்டா. தொப்! நூறு எண்ணிக்கிட்டே தேங்காய் கூடவே கரையில எட்டு வச்சு நடந்தா. மத்த நாள் பத்து எட்டு போகும். அன்னிக்கு நாப்பத்தி மூணு எட்டு! வடக்குப் பக்கமா விறுவிறுன்னு போகுது. உடனே எழுதிட்டா, "நீரோட்டம் வடக்க இழுக்குது. துடுப்புப் பலகை இன்னிக்கு வேண்டாம்."

மிக்கேல்னு ஒருத்தன். துடுப்புக் கூட்டத்துல அவன்தான் வாயாடி. "கண்ணாடி மாதிரி கிடக்கு கடலு, இதுல என்னத்த இழுக்கும்? ஞானப்பூ அக்கா, உனக்கு எதுவும் கொண்டு வரணுமா? சாயங்காலக் காப்பிக்குள்ள வந்துருவேன்"னு சொல்லிட்டுப் பலகையில ஏறுனான்.

ஒரு துடுப்பு போட்டான். பலகை வடக்க போச்சு. தெக்க திருப்பிப் போட்டான். அப்பவும் வடக்க போச்சு. நிறுத்திப் பார்த்தான். இன்னும் வேகமா வடக்க போச்சு! "ஏய்... ஏய்..."ங்கற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் அதுவும் கேக்கலை.

"ம்? செத்துட்டானா?"

சேச்சே. தீவோட வடக்கு மூலையில நெத்திலி காயப் போடுற பொம்பளைங்க இருந்தாங்க. நேரா அவங்க மீன் மேலயே போய்ச் சொத்துன்னு விழுந்தான். அவங்க துடைப்பத்தால ரெண்டு வச்சாங்க. அப்புறம் பலகையைத் தலையில தூக்கிக்கிட்டு நாலு மைல் நடந்து வந்தான். பின்னாடி அஞ்சு நாய், மேல காக்கா. உடம்பெல்லாம் நெத்திலி வாசம் இல்லையா, அதான்.

ஞானப்பூ காப்பியை மட்டும் நீட்டினா. அவனே, "தேங்காய் எத்தனை எட்டு போச்சு?"ன்னு கேட்டான். விரலால காட்டினா. நாப்பத்தி மூணு. "இனிமே நீ வேண்டாம்னா நான் குளிக்கக்கூட மாட்டேன் அக்கா"ன்னான்.

ரெண்டு நாள் ஜெயிச்சாச்சு. இன்னும் எத்தனை?

"ஒண்ணு."

மூணாம் நாள். போட்டி நாள். அன்னிக்கு அலை நல்லா எழும்பி வந்துச்சு. தெக்குத்தீவுல இருந்து மூணு தோணி நிறைய ஆளுங்க வந்து இறங்கிட்டாங்க. நம்ம ஆளும் அவங்க ஆளும் சேத்து நாப்பத்தோரு பேரு, பலகையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நிக்கறாங்க. ஞானப்பூ கல்லு மேல நின்னா. குழாயை இறுக்கிப் பிடிச்சா. சளக்! ஒண்ணு. கொளக்! ரெண்டு. குபுக்! மூணாவது அலை உச்சந்தலையை நனைச்சிட்டுப் போயிருச்சு. மூக்குல தண்ணி, காதுல தண்ணி, அப்பவும் எண்ணிக்கையை விடலை. இருபத்தொண்ணும் முடிச்சா. பெரிய அலை மூணும் உச்சந்தலை.

வந்து எழுதுனா. "தலை அலை."

கக்கத்துல இருந்த பலகையெல்லாம் மணல்ல இறங்கிருச்சு. தலை அலைன்னா போட்டி கிடையாதே!

தெக்குத்தீவுக் கூட்டத்துக்குத் தலைவி பேரு சலேத்து. பனைமரம் மாதிரி உசரம். அவ பலகையைப் படிச்சிட்டுச் சிரிச்சா. "இதுவா தலை அலை? எங்க ஊர்ல இதுல கைப்புள்ளையைக் குளிப்பாட்டுவோம்"னுட்டு, விறுவிறுன்னு போயிக் கல்லு மேல ஏறி நின்னா. பெரிய அலை வந்துச்சு. சளக்! நெஞ்சுல தட்டிட்டுப் போச்சு. இன்னொண்ணு. சளக்! நெஞ்சுதான். அங்க இருந்தே கத்துனா, "தலைவரே! உங்க தீவுல தலை நெஞ்சுலயா முளைச்சிருக்கு?"

தெக்குத்தீவுக்காரங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. வியாகுலத்துக்கு முகமெல்லாம் சிவந்து போச்சு. நேரா ஞானப்பூகிட்ட வந்தாரு. கையை நீட்டினாரு. "குடு சாக்பீஸை."

ஞானப்பூ சாக்பீஸைப் பார்த்தா. நான் எண்ணுனது தப்பா? இருபத்தோரு அலை ஆச்சே, ஒண்ணுகூட விடலையேன்னு நினைச்சா. ஆனா அந்தப் பொம்பளைக்கு நெஞ்சுல தட்டுனதை அவளும் கண்ணால பார்த்தாளே! சாக்பீஸைக் குடுத்துட்டா. வியாகுலம் தலையை அழிச்சிட்டு நெஞ்சுன்னு எழுதுனாரு.

"ம்... பாவம்."

பாவம்தான். இரு, இன்னும் முடியலை. போட்டின்னா தலைவர்தான் முதல்ல கல்லு மேல நின்னு கொடியை அசைச்சுத் தொடங்கி வைக்கணும். அது அந்த ஊர் வழக்கம். வியாகுலம் தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு, நெஞ்சை நிமித்திக்கிட்டு, கல்லு மேல ஏறுனாரு. கொடியைத் தூக்குனாரு. "போட்டி ஆரம்..."

குபுக்!

தலைவரைக் காணோம். தொப்பி மட்டும் மிதக்குது. அப்புறம் கொடி வந்துச்சு. அப்புறம்தான் தலைவர் வந்தாரு, மீசையில பாசி, வாய் நிறைய உப்புத் தண்ணி. "த்தூ! த்தூ! தலை... தலைக்கு மேல போச்சுய்யா!"

எல்லாருக்கும் குழப்பம். "அதே கல்லு. அதே அலை. அந்தப் பொம்பளைக்கு நெஞ்சு, இவருக்குத் தலையா? கடலுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

ஞானப்பூ மட்டும் யோசிச்சா. ஒரு கணக்கு ரெண்டு விடை சொன்னா அவளுக்குத் தாங்காது. சலேத்தைப் பார்த்தா. வியாகுலத்தைப் பார்த்தா. அப்புறம், கேளு, பன்னண்டு வருஷத்துல முதல் தடவையா அத்தனை பேரு முன்னாடி வாயைத் திறந்தா.

"ரெண்டு பேரும்... ஒண்ணா நில்லுங்க."

சின்னச் சத்தம்தான். ஆனா எல்லாருக்கும் கேட்டுச்சு. ஞானப்பூவே பேசிட்டாளேன்னு அத்தனை பேரும் வாயைப் பொத்திட்டாங்க. சலேத்தும் வியாகுலமும் கல்லு மேல பக்கத்துல பக்கத்துல நின்னாங்க. அலை வந்துச்சு. அவளுக்கு நெஞ்சுல சளக்! அவருக்குத் தலைக்கு மேல குபுக்! ஒரே அலை!

அப்போதான் புரிஞ்சுது. என்ன புரிஞ்சுது, நீ சொல்லு?

"அவ நெட்டை... அவரு குட்டை."

அதேதான்! பன்னண்டு வருஷமா கரும்பலகையில இருந்தது இன்னாசி முட்டி, இன்னாசி இடுப்பு, இன்னாசி நெஞ்சு. அந்த ஆறடி ரெண்டு அங்குலத்துல அளந்ததை ஊர்ல எல்லாரும் தன் நெஞ்சுன்னு நினைச்சிக்கிட்டாங்க. கூட்டத்துல குட்டையா இருந்த ஏழு பேரு அப்படியே குதிச்சாங்க. "அடப்பாவி இன்னாசி! நெஞ்சு அலைன்னு நம்பி இறங்கித்தானே பன்னண்டு வருஷமா உப்புத் தண்ணியா குடிச்சோம்! எங்களுக்குத்தான் நீச்சல் வரலைன்னுல்ல நினைச்சோம்!"

அப்போ மிக்கேல் கேட்டான், "அப்படின்னா இன்னிக்குப் போட்டி உண்டா, இல்லையா அக்கா?"

எல்லாரும் ஞானப்பூவைப் பார்த்தாங்க. அவ மறுபடியும் கல்லுக்குப் போனா. அலை எட்டுற இடத்துல குழாயில துண்டைக் கட்டினா. கல்லுல இருந்து துண்டு வரைக்கும் சாண் போட்டா. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு சாண். கரைக்கு வந்தா. சாக்பீஸ்தான் கையில இல்லையே? அடுப்படியில இருந்து ஒரு கரித்துண்டை எடுத்தா. கொட்டகைச் சுவர்ல தரையில இருந்து ஏழு சாண் உசரத்துல நீளமா ஒரு கோடு போட்டா.

"இதுதான் இன்னிக்கு அலை. ஒவ்வொருத்தரா வந்து நில்லுங்க. கோடு உங்க கழுத்துக்குக் கீழ இருந்தா இப்போ இறங்கலாம். மேல இருந்தா சாயங்காலம் அலை தணிஞ்சதும் இறங்கலாம். ரெண்டு போட்டி."

நாப்பத்தோரு பேரும் வரிசையா வந்து சுவர்ல முதுகை ஒட்டி நின்னாங்க. இருபத்தாறு பேருக்குக் கோடு கழுத்துக்குக் கீழ. பதினாலு பேருக்கு மேல.

"அது நாப்பதுதானே..."

ஆ! தூக்கத்துலயும் கணக்கு விடலை நீ. ஒருத்தர் பாக்கி. வியாகுலம். எல்லாரும் போகட்டும்னு காத்திருந்து, கடைசியா வந்து சுவர்ல சாஞ்சு நின்னாரு. தலை கோட்டைத் தாண்டி நின்னுச்சு. ஞானப்பூ குனிஞ்சு பார்த்தா.

"குதிகால், தலைவரே."

"என்ன குதிகால்?"

"தரையில வைங்க."

வச்சாரு. தலை பொசுக்குன்னு இறங்கிருச்சு. கோட்டுக்குக் கீழ ரெண்டு விரக்கடை, அதான் ரெண்டு விரல் அகலம். ஞானப்பூவை விடவே ரெண்டு விரக்கடை குட்டை!

"யார்கிட்டயும் சொல்லாதம்மா"ன்னு ரகசியமாச் சொன்னாரு.

"எழுதியாச்சு தலைவரே."

திரும்பிப் பார்த்தாரு. சுவர்ல கரியால, "வியாகுலம், ரெண்டு விரக்கடை கீழ. சாயங்காலம்"னு இருக்கு. கரையே கொல்லுன்னு சிரிச்சுது. அவருக்கும் அடக்க முடியலை, சிரிச்சிட்டாரு.

காலைப் போட்டியில சலேத்து ஜெயிச்சா. தெக்குத்தீவுக்காரங்க ஆட்டம் போட்டாங்க. அப்புறம் சாயங்காலம் நாலு மணி. ஞானப்பூ மறுபடி இருபத்தோரு அலை எண்ணினா, சாண் போட்டா. அஞ்சு சாண். கோட்டை இறக்கிப் போட்டா. பதினஞ்சு பேரும் வந்து நின்னு பார்த்தாங்க. எல்லாருக்கும் நெஞ்சு! அவங்கவங்க சொந்த நெஞ்சு!

வியாகுலம் பலகையில படுத்தாரு. அலை வந்துச்சு. கையை ஊன்றி, ஒரு காலை வச்சு, ரெண்டாவது காலை வச்சு, எழுந்தே நின்னுட்டாரு! சர்ர்ர்ருனு கரை வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தாரு. அவரு அன்னிக்கு ஜெயிக்கலை, ஒன்பதாவதாத்தான் வந்தாரு. ஆனா பன்னண்டு வருஷத்துல அன்னிக்குத்தான் வாயில ஒரு சொட்டு உப்புத் தண்ணி இல்லாமக் கரை ஏறுனாரு. நாக்கால உதட்டைத் தடவிப் பார்த்தாரு. உப்பே இல்ல. மணல்ல அப்படியே உக்காந்து சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினாரு.

அப்புறம் எழுந்து, சொட்டச் சொட்ட நேராக் கரும்பலகைக்கு வந்தாரு. சட்டைப் பையைத் தடவுனாரு. சாக்பீஸ் நனைஞ்சு கொழகொழன்னு மாவாப் போயிருந்துச்சு. அந்த மாவையே எடுத்து ஞானப்பூ உள்ளங்கையில வச்சு மூடினாரு.

"நாளைக்குப் புதுசு வாங்கித் தர்றேன் தாயி. ஆறு மணிக்கு எழுதிருவியா?"

"அஞ்சே முக்காலுக்கே"ன்னா ஞானப்பூ.

அவ்வளவுதான் கண்ணு. அலை அடங்கியாச்சு, காத்து நின்னாச்சு, தோணியெல்லாம் ஊருக்குப் போயாச்சு. கதை கரை ஏறியாச்சு, நீ கண்ணை மூடு.

"..."

ம்?

சரி, தூங்கு.